சூத்திரம் நிற்கும் இடம்: கணக்கீட்டு சேனல்களை அமைக்கும் முறை

டேட்டா லாகரின் திரையில் இருபது சேனல்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும்போது, அவற்றில் எது அளந்தது, எது கணக்கிட்டது என்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. எல்லா எண்களும் ஒரே எழுத்துருவில், ஒரே நிறத்தில், புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு வருகின்றன. அழுத்தம் ஒரு சென்சாரிலிருந்து வந்தது. அடுத்த வரியில் இருக்கும் பாய்வு அந்த அழுத்தத்திலிருந்து பிறந்தது. அதற்கும் கீழே உள்ள கொதிகலன் செயல்திறன் ஏழெட்டு சேனல்களும் சில மாறிலிகளும் சேர்ந்து தந்த விடை. இப்படி மற்ற சேனல்களை உள்ளீடாகக் கொண்டு ஒரு சூத்திரத்தின் வழியே மென்பொருள் உருவாக்கும் சேனலைத்தான் கணக்கீட்டு சேனல் என்கிறோம். அதை உருவாக்குவது எந்த மென்பொருளிலும் கடினமான வேலை இல்லை: பெயர் கொடுத்து, சூத்திரத்தைத் தட்டச்சு செய்து, அலகைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. பெரும்பாலான கையேடுகளும் அத்தோடு நின்றுவிடுகின்றன. ஆனால் சரியான சூத்திரம்கூடத் தவறான இடத்தில் நின்றால் தவறான விடையையே தரும். சென்சாரிலிருந்து கோப்பு வரை வடிகட்டல், சாம்பிள் எடுத்தல், நேர்கோடாக்கல், சராசரி, சேமிப்பு என்று பல படிகள் இருக்கின்றன. எந்தப் படிக்கு முன், எந்தப் படிக்குப் பின் சூத்திரம் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்வதுதான் கணக்கீட்டு சேனலை அமைப்பவரின் முதல் வேலை. சூத்திரத்தை எழுதுவது அதற்கு அடுத்த வேலை.

ஆலைகளில் அன்றாடம் பார்க்கும் ஆரிஃபிஸ் பிளேட்டையே எடுத்துக்கொள்வோம். குழாயின் குறுக்கே துளையிட்ட ஒரு தகடு. அதன் இரு பக்கத்து அழுத்த வேறுபாட்டை ஒரு டிரான்ஸ்மிட்டர் அனுப்புகிறது. பாய்வு அந்த வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இப்போது பாய்வு சீராக இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் பம்பு ஒன்று தள்ளுகிறது, அல்லது வால்வு ஒன்று அடிக்கடி திறந்து மூடுகிறது. பாதி நேரம் வேறுபாடு 4 அலகு, மீதி நேரம் 100 அலகு. மாறிலியை 1 என்று கொண்டால் பாய்வு பாதி நேரம் 2, மீதி நேரம் 10, சராசரி 6. குழாயில் உண்மையில் போனது இதுதான். லாகரோ முதலில் ஒரு நிமிடச் சராசரி எடுத்து, அந்தச் சராசரிக்குச் சூத்திரத்தைப் போடுகிறது. 4, 100 இரண்டின் சராசரி 52. அதன் வர்க்கமூலம் 7.21. இருபது சதவீதம் கூடுதல். இந்தப் பிழை எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும். பாய்வில் ஏற்றத்தாழ்வு இருக்கும் வரை, சராசரியின் வர்க்கமூலம் வர்க்கமூலங்களின் சராசரியைவிடக் கூடுதலாகத்தான் வரும். சாதாரண இரைச்சலைப் போல நாள்பட நாள்பட ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தேய்ந்துபோகாது. மாதக் கணக்கில் அப்படியே குவியும். நீராவிக்கோ எரிவாயுவுக்கோ பில் போடும் இடத்தில் இது நேரடியாகப் பணம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லாகரில் வரிசையைச் சரிசெய்துவிட்டு, டிரான்ஸ்மிட்டரின் டேம்பிங்கை 5 வினாடி என்று விட்டுவைத்தால், வேகமான துடிப்புகளுக்குச் சராசரி உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. பாதை லாகரின் உள்ளீட்டு முனையில் தொடங்குவதில்லை, சென்சாரிலேயே தொடங்குகிறது.

எல்லாச் சூத்திரத்துக்கும் இந்தக் கவலை தேவையில்லை. கூட்டல், கழித்தல், மாறிலியால் பெருக்கல் ஆகியவற்றுக்கு வரிசை ஒரு பொருட்டே இல்லை. சராசரிக்கு முன்னால் செய்தாலும் பின்னால் செய்தாலும் அதே விடை. தொட்டியின் அடி அழுத்தத்திலிருந்து நீர்மட்டம் கணக்கிடுவது இந்த வகை. வர்க்கம், வர்க்கமூலம், இரண்டு சேனல்களின் பெருக்கல், வகுத்தல், மடக்கை, கோணம் ஆகியவை வந்தால் நின்று யோசிக்க வேண்டும். காற்றின் திசை இதற்குப் பாடப்புத்தக உதாரணம்: 350 டிகிரியும் 10 டிகிரியும் இரண்டுமே ஏறத்தாழ வடக்கு, எண்களைச் சராசரி எடுத்தால் 180, அதாவது தெற்கு. திசையை வடக்கு, கிழக்கு என்ற இரு கூறுகளாகப் பிரித்து, கூறுகளைச் சராசரி எடுத்து, அதன் பிறகுதான் மறுபடி திசையாக்க வேண்டும். ஆனால் ‘எப்போதும் சூத்திரம் முதலில், சராசரி பிறகு’ என்று மனப்பாடம் செய்துகொள்வதும் ஆபத்து. விகிதங்களில் அது தலைகீழாகும். ஒரு கொதிகலன் முதல் அரை மணியில் 1 டன் எரிபொருளுக்கு 10 டன் நீராவியும், அடுத்த அரை மணியில் அரை டன்னுக்கு 2 டன் நீராவியும் தருகிறது. அரை மணி விகிதங்கள் 10, 4, சராசரி 7. உண்மையோ 12 டன் நீராவிக்கு 1.5 டன் எரிபொருள், அதாவது 8. இங்கே மொத்தங்களைச் சேர்த்த பிறகே வகுக்க வேண்டும். குறைந்த சுமையில் எரிபொருள் பாய்வு பூஜ்யத்தை நெருங்கும்போது நொடிக்கு நொடி விகிதம் எங்கெங்கோ துள்ளும் என்பது கூடுதல் காரணம். நமக்கு வேண்டிய அளவு எது, இயற்கையில் அது எந்த வரிசையில் உருவாகிறது என்பதே கேள்வி. சூத்திரத்தின் இடத்தை அந்தப் பதில்தான் தீர்மானிக்கும்.

மின்திறனில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 230 வோல்ட், 10 ஆம்பியர் எடுக்கும் ஒரு சுமையில் கரண்ட் 60 டிகிரி பின்தங்குகிறது. இரண்டின் ஆர்.எம்.எஸ். மதிப்புகளைப் பெருக்கினால் 2,300. அது வோல்ட் ஆம்பியர். உண்மையான திறன் 1,150 வாட். ஆர்.எம்.எஸ். என்பதே ஒருவகைச் சராசரி. அதை எடுத்த கணத்தில் வோல்டேஜுக்கும் கரண்டுக்கும் இடையே இருந்த நேர உறவு அழிந்துவிட்டது. பின்னால் எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. எனவே வோல்டேஜையும் கரண்டையும் சாம்பிளுக்குச் சாம்பிள் பெருக்கி, அந்தப் பெருக்கல் தொகையை முழுச் சுழற்சிகளுக்குச் சராசரி எடுக்க வேண்டும். முழுச் சுழற்சி என்பது முக்கியம். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி 20 மில்லிவினாடி. 50 மில்லிவினாடி என்று ஒரு சாளரத்தை வைத்தால் அதில் இரண்டரைச் சுழற்சி வரும். பெருக்கல் தொகை 100 ஹெர்ட்ஸில் துடிப்பதால் சீரான சுமையில் தப்பித்துவிடலாம், டி.சி. ஆஃப்செட்டோ இரட்டைப்படை ஹார்மோனிக்கோ கலந்தால் மாட்டிக்கொள்வோம். மின்தர அளவீட்டுக்கான ஐ.இ.சி. 61000-4-30 தரநிலை 50 ஹெர்ட்ஸுக்கு 10 சுழற்சி, அதாவது 200 மில்லிவினாடி என்று சாளரத்தை வகுத்திருக்கிறது. தெளிவான காரணம் இல்லாமல் வேறொன்றைத் தேட வேண்டாம்.

பெருக்க வேண்டிய இரண்டு சாம்பிள்களும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டவைதானா? விலை குறைந்த கருவிகளில் ஒரே ஏ.டி.சி.தான் இருக்கும், மல்டிப்ளெக்ஸர் ஒன்று சேனல்களை ஒவ்வொன்றாக அதனிடம் காட்டும். மொத்தம் வினாடிக்கு 10,000 சாம்பிள் என்றால், வோல்டேஜுக்கும் அதற்கு அடுத்து வரும் கரண்டுக்கும் இடையே 100 மைக்ரோவினாடி இடைவெளி. கேட்பதற்கு ஒன்றுமே இல்லாதது போல இருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் அது 1.8 டிகிரி. பவர் ஃபேக்டர் 1 ஆக இருக்கும் ஹீட்டரை அளந்தால் பிழை ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அதனால்தான் ஹீட்டரை வைத்துச் சோதித்தவர் ‘எல்லாம் சரி’ என்று சொல்லிவிடுகிறார். பவர் ஃபேக்டர் 0.5 ஆனால் பிழை ஐந்தரை சதவீதம். சுமையில்லாத டிரான்ஸ்ஃபார்மரைப் போல 0.1 ஆனால், இடைவெளி கோணத்தைக் கூட்டும் பக்கம் சாய்ந்தால் கணக்கு 0.069 என்று காட்டும். முப்பது சதவீதத்துக்கும் மேல் குறைவு. சூத்திரத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஒவ்வொரு சேனலுக்கும் தனி ஏ.டி.சி. உள்ள, ஒரே கணத்தில் சாம்பிள் எடுக்கும் கருவியை வாங்குவதே இதற்குச் சரியான தீர்வு. அது முடியாதபோது இரண்டு சேனல்களையும் பட்டியலில் அடுத்தடுத்து வையுங்கள். தெரிந்த இடைவெளியை இடைக்கணிப்பால் ஈடுகட்டிவிட்டுப் பிறகு பெருக்குங்கள். இரண்டு சேனலுக்கும் வடிகட்டி அமைப்பு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. வடிகட்டியும் தாமதம் சேர்க்கும். வேகம் வேறுபட்ட சேனல்களைச் சேர்க்கும்போதும் இதே கதைதான். வினாடிக்கு ஒருமுறை வரும் எரிபொருள் பாய்வை வினாடிக்கு ஆயிரம் முறை வரும் டார்க்கோடு சேர்த்தால், மென்பொருள் பழைய பாய்வு மதிப்பையே 999 முறை திருப்பித் திருப்பிப் போடும். வேகமான சேனலை மெதுவான சேனலின் தாளத்துக்கு இறக்கிய பிறகே சேர்ப்பது நேர்மையான வழி.

நேர்கோடாக்கலுக்கு முன்னா பின்னா என்பது தெர்மோகப்பிளில் வரும் சிக்கல். தெர்மோகப்பிள் தருவது வெப்பநிலை அன்று, சூடான முனைக்கும் லாகரின் டெர்மினலுக்கும் இடையிலான வேறுபாட்டைச் சார்ந்த மில்லிவோல்ட். டெர்மினலின் வெப்பநிலையைத் தனியாக அளந்து ஈடுகட்ட வேண்டும். உலைகளில் பயன்படும் எஸ் வகை பிளாட்டினம்–ரோடியம் தெர்மோகப்பிள் 1,000 டிகிரி செல்சியஸில் இருக்கிறது, டெர்மினல் 30 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். அட்டவணைப்படி 1,000 டிகிரிக்கு 9.587 மில்லிவோல்ட், 30 டிகிரிக்கு 0.173. லாகருக்கு வந்து சேர்வது வித்தியாசமான 9.414. சரியான வழி: டெர்மினலின் 30 டிகிரியை முதலில் மில்லிவோல்ட்டாக்கி, 0.173-ஐக் கூட்டி, 9.587-ஐ அட்டவணையில் பார்த்தால் 1,000. பலர் செய்வது: 9.414-ஐ நேராக அட்டவணையில் பார்த்து 985 என்று எடுத்து, அதோடு 30-ஐக் கூட்டுவது. விடை 1,015. பதினைந்து டிகிரி கூடுதல். இந்த உலோக இணை அறை வெப்பநிலையில் டிகிரிக்கு 6 மைக்ரோவோல்ட் அளவிலும், 1,000 டிகிரிக்கு அருகே பதினொன்றரை மைக்ரோவோல்ட் அளவிலும் தருகிறது. ஆகவே அங்கே உள்ள 30 டிகிரியும் இங்கே உள்ள 30 டிகிரியும் ஒன்றாகாது. மில்லிவோல்ட்டைக் கூட்டலாம், டிகிரியைக் கூட்டக் கூடாது. கே வகையில் இதே தவறு ஒரு டிகிரிக்குள் அடங்கிவிடும் என்பதால், கே வகையில் பழகியவர்கள் எஸ் வகைக்கு மாறும்போது எதையும் சந்தேகிப்பதில்லை.

சூத்திரம் இரண்டு இடத்தில் நின்றுவிடுவதும் உண்டு. ஆரிஃபிஸுக்குத் திரும்புவோம். இன்றைய டிரான்ஸ்மிட்டர்களில் வர்க்கமூலம் எடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. டிரான்ஸ்மிட்டரை அமைத்தவர் அதை இயக்கிவிடுகிறார். லாகரை அமைத்தவர் வந்து கணக்கீட்டு சேனலில் மறுபடி வர்க்கமூலம் போடுகிறார். பாய்வு 50 சதவீதமாக இருக்கும்போது திரையில் 70.7 காட்டும். கொடுமை என்னவென்றால், பூஜ்யத்தின் வர்க்கமூலம் பூஜ்யம், ஒன்றின் வர்க்கமூலம் ஒன்று. 4 மில்லி ஆம்பியர், 20 மில்லி ஆம்பியர் ஆகிய இரண்டு முனைகளில் மட்டும் அளவுத்திருத்தம் செய்தால், ஒருமுறை எடுத்தாலும் இருமுறை எடுத்தாலும் எடுக்காமலே விட்டாலும் மூன்றும் ஒரே விடை தந்து தேர்ச்சி பெற்றுவிடும். ஆகவே கணக்கீட்டு சேனலின் குறிப்பில் சூத்திரத்தை மட்டும் எழுதினால் போதாது; அதன் உள்ளீடு எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதையும் எழுத வேண்டும். ‘அழுத்த வேறுபாடு, நேர்கோடு, வர்க்கமூலம் எடுக்கப்படவில்லை’ என்ற ஒரு வரி போதும்.

சரியான இடத்தில் நின்றாலும் சில சூத்திரங்கள் உள்ளீட்டின் குறையைப் பெரிதாக்கிக் காட்டும். வர்க்கமூலம் பூஜ்யத்துக்கு அருகே செங்குத்தாக ஏறுவதால், அழுத்த வேறுபாட்டில் முழு அளவில் 1 சதவீத ஆஃப்செட் இருந்தால், மூடிய வால்வில் 10 சதவீதப் பாய்வு தெரியும். குறைந்த பாய்வில் வெட்டும் எல்லை ஒன்றை வைப்பது அதற்காகத்தான். நிலையை அளந்து முடுக்கத்தைக் கணக்கிடுபவர் இரண்டு முறை வகைக்கெழு எடுக்கிறார். 0.1 மில்லிமீட்டர் துல்லியமுள்ள என்கோடரை வினாடிக்கு ஆயிரம் முறை படித்தால், ஒரே ஒரு படி தாவினாலே கணக்கில் 100 மீட்டர்/வினாடி² முடுக்கம் வந்து நிற்கும்; புவியீர்ப்பைப் போல் பத்து மடங்கு. எதிர்த்திசையில் தொகையீடு எடுத்தால் இரைச்சல் அடங்கும், ஆனால் ஆஃப்செட் வளரும்: முடுக்கமானியில் வெறும் 0.01 மீட்டர்/வினாடி² பிசகு இருந்தால் ஒரு நிமிடத்தில் 18 மீட்டர் நகர்ந்ததாகச் சொல்லும். வகைக்கெழுவுக்கு முன் வடிகட்டி வேண்டும், தொகையீட்டுக்கு முன் ஆஃப்செட் கழிக்க வேண்டும். கழித்தலும் அப்பாவி இல்லை. குளிர்நீர் 7 டிகிரியில் போய் 12 டிகிரியில் திரும்புகிறது, வினாடிக்கு 10 கிலோ பாய்கிறது என்றால் வெப்பச்சுமை 209 கிலோவாட், ஏறத்தாழ 59.5 குளிர்பதன டன். இரண்டு சென்சாரும் தனித்தனியே ±0.5 டிகிரி என்றால், வேறுபாடான 5 டிகிரியில் ±0.7 டிகிரி ஐயம். சுமையில் 14 சதவீதம். அப்படியிருக்கத் திரையில் 209.30 என்று காட்டுவது வாசகரை ஏமாற்றுவதற்குச் சமம். ஜோடியாகப் பொருத்தித் தேர்ந்த சென்சார்களை வாங்குங்கள். கணக்கீட்டு சேனலின் தசம இலக்கங்களைப் பிழை வரம்புக்கு ஏற்பக் குறைத்து வையுங்கள்.

இவ்வளவு இடறல்கள் இருக்கும்போது, எல்லா இடத்தையும் முதல் முறையே சரியாகப் பிடித்துவிடுவோம் என்று எண்ணுவது வீண். எனவே கணக்கீட்டு சேனலுக்குக் கீழே மூல சேனல்கள் தொடப்படாமல் கோப்பில் இருந்தாக வேண்டும். இதற்கு அறிவியல் வரலாற்றிலேயே வலுவான சாட்சி உண்டு. 1985 மே மாதம் பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் மூவரும் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் வசந்தகாலத்தில் வெகுவாகக் குறைந்திருப்பதை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அதே வானத்தை 1978-இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. செயற்கைக்கோள் அளந்தது திரும்பி வரும் புற ஊதாக் கதிர்களை. ஓசோன் அளவு என்பது அதிலிருந்து பிறந்த கணக்கீட்டு சேனல். 180 டாப்சன் அலகுக்குக் கீழே வந்த விடைகளை மென்பொருள் பிழையாக இருக்கலாம் என்று குறியிட்டு ஒதுக்கியது. அழித்துவிட்டது என்று பரவலாகச் சொல்லப்படும் கதை சரியன்று, குறியிட்டது, அவ்வளவே. மூல அளவுகள் பத்திரமாக இருந்ததால்தான் அவற்றைத் திரும்ப ஆராய்ந்து, இழப்பு அண்டார்க்டிகா முழுவதும் பரவியிருப்பதைப் படமாகவே காட்ட முடிந்தது. ஆலையிலும் இதே நியாயம்தான். டெர்மினல் வெப்பநிலை அளக்கும் சென்சார் ஒரு பவர் சப்ளைக்குப் பக்கத்தில் இருந்து 5 டிகிரி கூடுதலாகக் காட்டியது என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால், மில்லிவோல்ட்டும் டெர்மினல் வெப்பநிலையும் கோப்பில் இருந்தால் ஒரு மாலைக்குள் சரிசெய்துவிடலாம். டிகிரி மட்டும் இருந்தால் ஆறு மாதமும் வீண்.

‘இடம் போதாது’ என்பதுதான் வழக்கமாக வரும் முதல் ஆட்சேபம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16 சேனல், வினாடிக்கு 1,000 சாம்பிள், ஒவ்வொன்றும் 2 பைட்: வினாடிக்கு 32,000 பைட், நாளொன்றுக்கு 2.76 ஜிகாபைட், மாதத்துக்கு 83. சோதனைக்கூடத்தில் இது ஒரு செலவே இல்லை. ஒரு சென்சாரின் விலைக்கும் குறைவு. வருடக் கணக்கில் ஓடும் மின்திறன் கண்காணிப்பில் மட்டும் ஆட்சேபத்துக்கு வலு உண்டு. இரண்டே சேனலை வினாடிக்கு 10,000 வீதம் சேமித்தால் ஆண்டுக்கு ஒரு டெராபைட்டைத் தாண்டும்; இப்படிப் பத்து ஃபீடர் இருந்தால் தாங்காது. அங்கே 200 மில்லிவினாடி விடைகளைத் தொடர்ந்து சேமியுங்கள். மூல அலைவடிவத்தை மணிக்கு ஒருமுறை சில வினாடிகளும், எல்லை மீறும் தருணங்களில் முன்பின் சில வினாடிகளும் எடுத்து வையுங்கள். அந்தத் துண்டுகளிலிருந்து திறனை மறுபடி கணக்கிட்டுச் சேமித்த விடையோடு ஒப்பிட்டால், இடையில் ஏதாவது பிசகியதா என்பது தெரிந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான ஆட்சேபமும் உண்டு: மூலத்தை வைத்திருக்கிறோம் அல்லவா, பிறகு எக்செல்லில் கணக்கிட்டுக்கொள்ளலாமே, லாகருக்குள் கணக்கீட்டு சேனல் எதற்கு? பாதி நியாயமான கேள்வி. ஆனால் சோதனை மேடையில் தாங்கியின் வெப்பநிலை ஏறும் வேகத்தைப் பார்த்து இயந்திரத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்த வேகம் கணக்கீட்டு சேனலில்தான் இருக்கிறது, நாளைக்கு எக்செல்லில் தெரிந்து பயனில்லை. திறன் ஓர் எல்லையைத் தாண்டும்போது பதிவைத் தொடங்க வேண்டுமென்றாலும் அப்படித்தான். மேலும், எக்செல்லுக்குப் போகும் கோப்பு பெரும்பாலும் நிமிடச் சராசரிதான். வரிசை அங்கே ஏற்கெனவே கெட்டுவிட்டது. உடனடி முடிவுக்கு லாகருக்குள், இறுதி அறிக்கைக்கு மூலத்திலிருந்து மறுகணக்கு என்று இரண்டையும் செய்வதே சரி. இரண்டு விடையும் ஒத்துப்போவது தனி நிம்மதி. ‘மறுபடி கணக்கிடலாம் என்றால் வேண்டியபடி எண்ணை மாற்றிக்கொள்ளலாமே’ என்று தணிக்கையாளர் கேட்பதும் நியாயமே. பழைய விடையை ஒருபோதும் மேலெழுதாமல், புதிய கணக்குக்குப் பதிப்பு எண் கொடுத்து, எந்த மாறிலி எந்தத் தேதியில் ஏன் மாறியது என்று பக்கத்திலேயே எழுதிவைப்பது அவருக்கான பதில். மூலம் இல்லாத கோப்பில்தான் திருத்தம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும்.

அலகு, செல்லாத மதிப்பு ஆகிய இரண்டும் சேனலோடு சேர்ந்தே பயணிக்க வேண்டும். 1999 செப்டம்பர் 23 அன்று மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை அடைந்த நேரத்தில் தொலைந்தது. தரையிலிருந்த மென்பொருள் ஒன்று செலுத்திகளின் கணத்தாக்கை பவுண்டு-விசை வினாடியில் கணக்கிட்டுக் கோப்பில் எழுத, அதைப் படித்த பகுதி நியூட்டன் வினாடி என்று எடுத்துக்கொண்டது, வித்தியாசம் 4.45 மடங்கு. எண் மட்டும் போய்ச் சேர்ந்து அலகு போகாததன் விளைவு அது. செல்லாத மதிப்புக்கு சாட்சி, 1996 ஜூன் 4 அன்று வெடித்த ஏரியன் 5 ராக்கெட். கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64 பிட் எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது 32,767-ஐத் தாண்டியது, அதைக் கணக்கிட்ட வழிகாட்டும் கருவி நின்றது. அதற்குப் பிறகு அந்தக் கருவி அனுப்பிய பழுதுக் குறியீட்டை ராக்கெட்டின் கணினி உண்மையான பறப்புத் தரவாகவே படித்தது. இது ராக்கெட்டுக்கு மட்டும் நேர்வதன்று. 4–20 மில்லி ஆம்பியர் கம்பி அறுந்தால் கரண்ட் 0. அளவுகோலில் அது மைனஸ் 25 சதவீதம். எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் கிடையாது என்பதால் சில அமைப்புகளில் அதைப் பூஜ்யமாக்கும்படி சூத்திரம் எழுதிவைக்கிறார்கள். கம்பி அறுந்தது, திரையோ ‘பாய்வு இல்லை’ என்கிறது. 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழே வந்தால் விடை ‘செல்லாது’ என்று வரும்படி சூத்திரத்தின் முதல் நிபந்தனையை எழுதுங்கள். அந்தச் செல்லாத்தன்மை அதைச் சார்ந்த எல்லாக் கணக்கீட்டு சேனல்களுக்கும் தானாகப் பரவ வேண்டும். −9999 போன்ற குறியீட்டு எண்களைத் தவிருங்கள். எங்காவது ஒரு சராசரிக்குள் அவை நுழைந்தே தீரும்.

சூத்திரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஊகங்களையும் எழுதிவையுங்கள். ஸ்ட்ரெயின் கேஜில் 1,000 மைக்ரோஸ்ட்ரெயின் வந்தால், எஃகின் 200 ஜிகாபாஸ்கலால் பெருக்கி 200 மெகாபாஸ்கல் என்று சொல்லிவிடுகிறோம். ஒரே திசையில் இழுக்கப்படும் கம்பிக்கு அது சரி. உள்ளழுத்தம் ஏறிய கோளத் தொட்டியின் சுவரில் எல்லாத் திசையிலும் சம விரிவு. பாய்சான் விகிதம் 0.3 என்றால் தகைவு 286 மெகாபாஸ்கல். அதே கேஜ், அதே எண், வேறு உண்மை.

அமைத்து முடித்த கணக்கீட்டு சேனலைச் சோதிக்க, சென்சார் இருக்கும் இடத்தில் கேலிபிரேட்டரை இணைத்து, பாதை முழுவதையும் ஓட்டிப் பாருங்கள். மென்பொருளுக்குள் எண்ணைத் தட்டிப் பார்ப்பது சோதனையாகாது. மின்திறனுக்கு ஹீட்டரோடு நிறுத்தாமல், பவர் ஃபேக்டர் குறைந்த ஒரு சுமையையும் போடுங்கள். தெர்மோகப்பிளுக்கு டெர்மினலைக் கொஞ்சம் சூடாக்கி, விடை அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நேர்கோட்டு டிரான்ஸ்மிட்டர் உள்ள ஆரிஃபிஸ் சேனலுக்கு 4, 8, 12, 16, 20 மில்லி ஆம்பியர் என ஐந்தையும் கொடுங்கள். பாய்வு முறையே 0, 50, 70.7, 86.6, 100 சதவீதம் வர வேண்டும். டிரான்ஸ்மிட்டரே வர்க்கமூலம் எடுப்பதானால், கேலிபிரேட்டரால் அதன் அழுத்த முனையில் கால் பங்கு அழுத்தம் கொடுங்கள். அப்போதும் திரையில் 50 வர வேண்டும். இரண்டு முனைகள் மட்டும் சரியாக இருக்கின்றன என்று சோதனைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கால் பங்கு அழுத்தத்தில் அரைப் பாய்வு வரும்வரை அந்தச் சேனலை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.